புதைபடிவமும் கணக்கும்: வடசென்னையில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, மணலி பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து சிப்பி எண்ணுகிறோம், மீன் எலும்பு அளக்கிறோம், அதை வைத்துப் பரிணாமம் பேசுகிறோம். பெயர்ப்பலகை இல்லை, கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. (சான்றிதழ் இல்லை என்றதும் திரும்பிப் போனவர்கள் உண்டு.) புதிதாக வருகிறவர்களும் அவர்களை அனுப்பும் அம்மா அப்பாக்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்ப்பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

புதைபடிவம்னா தோண்டி எடுக்கறதுதானே? இதுல கணக்கு எங்க வந்துச்சு?

தோண்டுவது ஒரு பங்குதான். தோண்டி எடுத்ததை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்வதுதான் பெரும்பாடு. ஓர் உயிரினம் எப்போது தோன்றியது, எப்போது அழிந்தது, அதன் உருவம் எப்படி மாறியது, அது யாருக்கு உறவு: இந்த நான்கில் எதற்கும் சுத்தியல் மட்டும் பதில் சொல்லாது.

1960களில் டேவிட் ராப் என்ற அமெரிக்கர் நத்தை, அம்மோனைட் (எப்போதோ அழிந்துபோன கடல் உயிரினம்) போன்றவற்றின் சுருள் ஓடுகளைச் சில எண்களுக்குள் அடக்கிக் காட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் ஓடு எவ்வளவு அகலமாகிறது, அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது, வாய் என்ன வடிவம் என்பவைதான் அந்த எண்கள். அவற்றை மாற்றி மாற்றிக் கணினியில் வரைந்து பார்த்தால், சாத்தியமான வடிவங்களில் பெரும்பகுதியை எந்த உயிரினமும் தொடவே இல்லை என்று தெரிந்தது. ஏன் தொடவில்லை என்ற கேள்வி இன்றும் ஓடுகிறது. 1982இல் அதே ராப், ஜாக் செப்கோஸ்கியோடு சேர்ந்து, கடல் உயிரினக் குடும்பங்கள் எப்போது வந்தன, எப்போது போயின என்ற பட்டியலை வைத்து ஐந்து பேரழிவுகளைப் பிரித்துக் காட்டினார். அந்தப் பட்டியல் செப்கோஸ்கி நூலகத்தில் உட்கார்ந்து, பழைய ஆய்வுகளைப் புரட்டிச் சேர்த்தது.

கணக்கு ஏன் வேண்டும் என்பதைக் காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். வலைக்கண் பெரிதாக இருந்தால் நெத்திலி சிக்காது. அதற்காகக் கடலில் நெத்திலியே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாறையும் ஒரு வலைதான். கெட்டியான ஓடு சிக்கும், ஜெல்லி மீன் நழுவிவிடும். நமக்குக் கிடைத்த மீனை எண்ணுவதோடு வலைக்கண்ணின் அளவையும் கண்டுபிடிக்க வேண்டும்.

நம்ம ஏரியாவுல புதைபடிவமே கிடையாதே, இங்க உக்காந்து என்ன படிக்கறது?

உண்மைதான். தண்டையார்பேட்டைக்குக் கீழே இருப்பது ஆற்று வண்டலும் கடல் மணலும். கிணறு தோண்டினால் டைனோசர் வராது.

ஆனால் எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து சேரும் கொசஸ்தலை ஆற்றைப் பிடித்து மேலே போய்ப் பாருங்கள். பூண்டிக்கு அப்பால் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஆண்டு, அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தையும் கண்டார்கள். சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டு அகழ்ந்து, 2011இல் அந்தக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டார்கள். அந்த எண் கார்பனை அளந்து வந்ததில்லை. மண்ணில் புதைந்த குவார்ட்ஸ் கல்லில், வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் முன்பு உண்டாக்கிய அலுமினியம், பெரிலியம் அணுக்கள் எந்த விகிதத்தில் சிதைந்திருக்கின்றன என்று அளந்து வந்தது. புவிகாந்தத் திசை மாற்றத்தையும் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2018இல் அதே இடத்தின் மேலடுக்குக்கு வேறொரு முறையில், மணல்துகள் கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தைக் கணக்கிட்டு, சுமார் 3,85,000 ஆண்டு என்றார்கள். நம் ஆற்றின் கரையிலேயே இரண்டு முறைகள், இரண்டு காலங்கள்.

ஃபுட் சேர்த்த கற்கருவிகளை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூருக்கு ரயில் ஏறினால் போதும். அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்தால் அரியலூர். சுமார் 11 கோடி ஆண்டு முதல் 6.6 கோடி ஆண்டு வரையிலான கடலடிப் படிவு அங்கே வயல்வெளியில் கிடக்கிறது, வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் உண்டு. அங்கே பார்க்கும் அம்மோனைட்டைப் பெருமாள் கோயில்காரர்களுக்கு அறிமுகப்படுத்தவே தேவையில்லை. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் அம்மோனைட்தான்.

இதையெல்லாம் விட முக்கியமாக, நம் கரையிலேயே சிப்பி கிடக்கிறது. இன்றைக்குச் செத்த சிப்பி எப்படி உடைகிறது, எங்கே ஒதுங்குகிறது, எது புதையாமல் போகிறது என்று தெரியாதவர், அரியலூர்ச் சிப்பியைப் பார்த்து அது எங்கே வாழ்ந்தது என்று சொல்ல முடியாது.

சரி, கரையில போய் சிப்பி பொறுக்கிட்டு வந்துட்டேன். அடுத்து?

முதலில், எப்படிப் பொறுக்கினீர்கள் என்று கேட்பேன். அழகானதாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தால் அது அலமாரிக்கு நல்லது, கணக்குக்கு ஆகாது. முதல் வகுப்பில் எல்லோரும் பெரிய, உடையாத, கோடு போட்ட சிப்பியோடு வருவார்கள். அது மனித இயல்பு. அதனால்தான் கண்ணை நம்பாமல் கட்டத்தை நம்புகிறோம். பிவிசி குழாயிலோ கயிற்றிலோ அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரம் செய்து, கண்ணை மூடி எறிந்து, அதற்குள் விழுந்த எல்லாவற்றையும், அரை அங்குல உடைசல் வரை, பையில் போட வேண்டும். உடைசலை எப்படி எண்ணுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கீல் (சிப்பியின் இரண்டு பாதிகளும் சேரும் இடம்) இருக்கும் துண்டு மட்டும் ஒன்று என்று கணக்கு, மற்றது கணக்கில் இல்லை என்பது எங்கள் வழக்கம்.

இரண்டாவது, எந்த இடம்? வடசென்னைக் கரை சாதாரணக் கரை இல்லை. துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்கிறது, வடக்கே நம் பக்கம் அரித்துக்கொண்டே வருகிறது. அதனால்தான் ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல்வரிசைகளுக்கு நடுவே ஒதுங்கும் சிறு மணல்திட்டுகளில்தான் சிப்பி சேரும். அவை அங்கேயே வாழ்ந்தவையா, அலை கொண்டு வந்தவையா? காசிமேட்டில் வலை உதறிய இடத்தில் கிடப்பவை ஆழ்கடலிலிருந்து விசைப்படகில் வந்தவை. இதையெல்லாம் நோட்டில் எழுதாமல் விட்டால், ஒரு மாதம் கழித்து அந்தப் பை வெறும் சிப்பிப் பை.

ஒதுங்கிய இடமும் வாழ்ந்த இடமும் வேறாக இருக்கலாம் என்பதற்குப் பெரிய சாட்சி திருவக்கரை. அங்கே கிடக்கும் கல்மரங்களுக்குக் கிளையும் இல்லை, வேரும் இல்லை. அவை அங்கே நின்று வளர்ந்தவை இல்லை. வெள்ளம் அடித்து வந்து போட்டவை.

மூன்றாவது, இரட்டைச் சிப்பியின் இடது பாதியையும் வலது பாதியையும் தனித்தனியாக எண்ணுங்கள். உயிரோடு இருந்தபோது சரிபாதிதானே இருந்திருக்க வேண்டும்? கரையில் அப்படி இருக்காது. இரண்டு பாதிகளின் வடிவம் கொஞ்சம் வேறுபட்டால்கூட அலை அவற்றை வேறு வேறு இடத்துக்குத் தள்ளும். எண்ணிக்கை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அலை கைவரிசை காட்டியிருக்கிறது என்று பொருள்.

நூறு சிப்பி எண்ணினா போதுமா?

என்ன கேள்விக்கு என்பதைப் பொறுத்தது. கரையில் ஒரு வகை நூற்றுக்கு இரண்டு வீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 50 சிப்பி எடுத்தால் அந்த வகை ஒன்றுகூட உங்கள் பையில் இல்லாமல் போக 36 சதவீத வாய்ப்பு. 100 எடுத்தால் 13 சதவீதம். 150 எடுத்தால் சுமார் 5 சதவீதம். கால்குலேட்டரில் 0.98ஐ அத்தனை முறை பெருக்கிப் பாருங்கள், வரும்.

இதிலிருந்து ஒரு சிக்கல் பிறக்கிறது. எண்ணூரில் 300 சிப்பி எண்ணி 18 வகை கண்டீர்கள், உங்கள் நண்பர் திருவொற்றியூரில் 60 எண்ணி 11 வகை கண்டார் என்றால் எண்ணூரில் வகை அதிகம் என்று சொல்லிவிட முடியாது. அதிகம் எண்ணியவருக்கு அதிகம் கிடைக்கத்தான் செய்யும். அதற்குத்தான் ரேரிஃபாக்ஷன் என்ற முறை: 300இல் இருந்து குருட்டாம்போக்கில் 60ஐ எடுத்தால் சராசரியாக எத்தனை வகை வரும் என்று கணக்கிட்டு, பிறகு ஒப்பிடுவது. 1968இல் ஹவர்ட் சாண்டர்ஸ் கடலடி உயிரினங்களுக்காகக் கொண்டுவந்த யோசனை. பிறகு ராப் அதைப் புதைபடிவத்துக்குக் கொண்டுவந்தார். 2010இல் ஜான் அல்ராய் அதன் குறை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். இரண்டு இடத்திலும் ஒரே எண்ணிக்கை எடுத்தாலும், வகைகள் நிறைந்த இடத்தை அது குறைத்துக் காட்டிவிடும். எண்ணிக்கையைச் சமமாக்காமல், அந்த இடத்தின் மொத்தக் கூட்டத்தில் எவ்வளவு பங்கை நம் மாதிரி தொட்டிருக்கிறது என்பதைச் சமமாக்க வேண்டும் என்றார். உலகக் கடலின் உயிர்வகை வரலாற்றை வரையும் வளைகோடுகள் இன்று பெரும்பாலும் இவ்வகைத் திருத்தத்துக்குப் பிறகே வெளியாகின்றன.

சில சிப்பியில டிரில் போட்ட மாதிரி வட்டமா ஓட்டை இருக்கே, அது என்ன?

வேட்டை நடந்த தடயம்! எனக்குப் பிடித்த கேள்வி இது. இரைபிடிக்கும் நத்தைகள் சிப்பியின் மேல் ஏறி, அமிலமும் அரம் போன்ற நாக்கும் வைத்துத் துளை போட்டு உள்ளே இருக்கும் சதையைத் தின்னும். நிலா நத்தைக் குடும்பம் போட்ட துளை வாய் அகன்று, உள்ளே போகப்போகக் குறுகும், திருகாணித் தலை உட்காரச் சரிவு வைத்த துளை மாதிரியே இருக்கும். முள்சங்குக் குடும்பம் போட்டது பெரும்பாலும் நேர்ச்சுவராக இருக்கும். உருப்பெருக்கி இருந்தால் வித்தியாசம் தெரியும். பாதியில் நின்ற துளையும் கிடைக்கும். அது தப்பித்த சிப்பி, அல்லது துளைக்கும்போது யாரோ தொந்தரவு செய்தார்கள்.

இதே மாதிரித் துளைகள் கோடிக்கணக்கான ஆண்டு பழைய சிப்பிகளிலும் இருப்பதால், வேட்டைக்காரனும் இரையும் ஒருவரையொருவர் எப்படி மாற்றிக்கொண்டார்கள் என்பதை நேரடியாக எண்ணிப் பார்க்க முடிகிறது. பரிணாமத்தில் நடத்தையே கல்லில் பதிந்து கிடைப்பது அரிது.

கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. 200 தனிப்பாதிகளில் 20இல் துளை என்றால் பத்து சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். ஒரு சிப்பிக்கு இரண்டு பாதி, நத்தை துளைப்பதோ ஒன்றைத்தான். ஆக 200 பாதி என்பது 100 சிப்பி. வேட்டையாடப்பட்டது 20 சதவீதம்.

அப்போ இதெல்லாம் எண்ணூருக்கு ஏதாவது உபயோகப்படுமா, இல்ல சும்மா படிப்புக்கா?

உபயோகப்படும். இந்த வேலையை இங்கே செய்ய நான் நினைத்ததே இதற்காகத்தான்.

கழிமுகச் சேற்றில் ஒரு கைப்பிடி எடுத்தால் அதில் உள்ள செத்த ஓடுகள் எல்லாம் போன வருடத்தவை இல்லை. ஆழமற்ற கடற்படுகைகளில் எடுத்த ஓடுகளைத் தனித்தனியாக வயது பார்த்தபோது, ஒரே பிடியில் பத்தாண்டு வயதுள்ளதும் ஆயிரம் ஆண்டு வயதுள்ளதும் கலந்திருப்பது பல இடங்களில் தெரிந்திருக்கிறது. அதாவது செத்த ஓடுகளின் குவியல், அந்த இடத்தில் நெடுங்காலமாக யார் வாழ்ந்தார்கள் என்ற பதிவேடு. உயிரோடு இருப்பவை இன்றைய நிலைமை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சூசன் கிட்வெல் 2007இல் உலகின் பல இடங்களின் தரவுகளைச் சேர்த்து இதைச் செய்தார். மனிதக் கை அதிகம் படாத இடங்களில் செத்தவையும் வாழ்பவையும் நன்றாக ஒத்துப்போயின. கழிவு கலந்த, அடிமட்டம் வரை இழுவலை ஓடிய இடங்களில் ஒத்துப்போகவில்லை.

எண்ணூரில் சாம்பல் கொட்டியிருக்கிறது, அனல்மின் நிலையச் சுடுநீர் வந்திருக்கிறது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. 'முன்னாடி இங்க என்ன இருந்துச்சு' என்று மீனவப் பெரியவர்கள் சொன்னால் அது வாய்ச்சொல் என்று ஒதுக்குகிறார்கள். அவர்கள் சொல்வதைச் சேற்றுக்குள் இருக்கும் ஓடுகளோடு சேர்த்து வைத்தால் அதற்கு எண் கிடைக்கும். கணக்கெடுப்பு தொடங்குவதற்கு முந்தைய காலத்துக்கும் சேர்த்து எண் கிடைக்கும். அதைச் சரியாக எடுக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கரையிலேயே வளர்ந்த பிள்ளைகளாக இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது. வெள்ளம் அடித்து வந்த ஓடும், தூர்வாரிக் கொட்டிய மண்ணும் கலந்திருக்கும் இடத்தில் இந்த ஒப்பீடு சறுக்கும்.

எலும்பு, ஓடு இதோட வடிவத்தை எப்படி எண்ணாக்கறீங்க? பெரிய மெஷின் வேணுமா?

போன் கேமரா போதும். கத்தாழை மீன் தலையைச் சாப்பிட்டவர்களுக்கு அதற்குள் இரண்டு வெள்ளைக் கல் இருப்பது தெரியும். அது காதுக்கல். மீனுக்குச் சமநிலையும் கேட்கும் திறனும் கொடுப்பது. அதன் வடிவம் மீனுக்கு மீன் மாறும், அதில் வளையம் வளையமாக வளர்ச்சி பதியும், கல்லாகவும் படிந்து கிடைக்கும். பழங்கால மீன்களைப் பற்றித் தெரிந்ததில் ஒரு பகுதி இந்தக் கற்களிலிருந்து வந்ததுதான். காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காவிடம் கேட்டால் தலையைத் தனியாக எடுத்து வைப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், அப்போது சிறு படகு மீனை நம்ப வேண்டும்.

கல்லைக் கறுப்புத் துணியில் வைத்து, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். ரொம்பக் கிட்டப் போனால் ஓரங்கள் வளையும். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்வது மேல். பிறகு எல்லாக் கல்லிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளிகளை வைக்கிறோம். அதற்கான மென்பொருள்கள் இமேஜ்ஜே, டிபிஎஸ்டிக் இரண்டும் இலவசம். புள்ளிகளை நகர்த்தி, சுழற்றி, அளவைச் சமமாக்கி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்தால் மிஞ்சுவது வடிவ வேறுபாடு மட்டும். இதற்கு ப்ரோக்ரஸ்டீஸ் முறை என்று பெயர்.

ஒரு கண்டிப்பு: ஒரே கல்லை மூன்று நாளில் மூன்று முறை குறித்துப் பாருங்கள். உங்கள் கையின் தடுமாற்றம் இரண்டு மீன்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் நீங்கள் அளந்தது மீனை இல்லை.

அளவிலிருந்து ஊகிப்பதன் எல்லைக்கு நல்ல உதாரணம் வாசுகி இண்டிகஸ். கட்ச் பகுதி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முதுகெலும்புகளை வைத்து, சுமார் 4.7 கோடி ஆண்டு முந்தைய பாம்பு ஒன்றை 2024இல் ஐஐடி ரூர்க்கி ஆய்வாளர்கள் விவரித்தார்கள். நாளிதழ்களில் '15 மீட்டர் பாம்பு' என்று வந்தது. ஆய்வில் இருந்ததோ இரண்டு கணக்கு: இன்றைய பாம்புகளில் எலும்பின் ஓர் அகலத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள தொடர்பை வைத்தால் ஏறத்தாழ 11 முதல் 12 மீட்டர், வேறோர் அகலத்தை வைத்தால் 14.5 முதல் 15 மீட்டர். முழுப் பாம்பு கிடைக்காதவரை இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து 1987இல் விவரிக்கப்பட்ட புரூஹத்காயோசரஸ் கதை இன்னும் சோகம். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் எலும்புகள் பொடிந்து போய்விட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும். இனி யாரும் மறுபடி அளக்க முடியாது. ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

கடைசியா எந்த அடுக்குல கிடைச்சுதோ அப்பதானே அது அழிஞ்சுது?

இல்லை. கடைசி ஆளே கல்லாகி, அதுவே நம் கையில் சிக்குவது நடக்காத காரியம். உண்மையான அழிவு எப்போதும் அதற்கு மேலே. எல்லா இனமும் ஒரே நாளில் அழிந்திருந்தாலும், அரிதானவை முன்பே மறைந்ததுபோல் தெரியும். 1982இல் ஃபிலிப் சிக்னர், ஜெரி லிப்ஸ் இருவரும் சுட்டிக்காட்டியதால் இதற்கு அவர்கள் பெயர்.

எவ்வளவு மேலே? 1989இல் ஸ்ட்ராஸும் சாட்லரும் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். பாறைச்சுவரில் ஓர் அம்மோனைட் 20 மீட்டர் உயரத்துக்குள் ஐந்து அடுக்கில் கிடைத்தது என்றால், 95 சதவீத உறுதிக்கு இன்னும் 22 மீட்டர் மேலே வரை அது இருந்திருக்கலாம். பத்து அடுக்கில் கிடைத்திருந்தால் சுமார் 8 மீட்டர். இருபது அடுக்கில் என்றால் மூன்றரை மீட்டருக்கும் குறைவு. புதைபடிவங்கள் அந்த உயரம் முழுக்கச் சீராகச் சிதறியிருக்கின்றன என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. பாறை மாறும் இடத்தில் அது உடையும்.

பரிணாம மரம் எப்படி வரையறாங்க? பாத்து பாத்துதானே?

பார்த்துத்தான் தொடங்குகிறது. பல் இத்தனை, கீல் இப்படி, ஓட்டில் வரி உண்டா இல்லையா என்று ஒவ்வொரு பண்பையும் 0, 1 என்று அட்டவணை போடுவோம். ஆனால் பிறகு கண் போதாது. மூன்று இனங்களுக்கு வேருள்ள மரம் மூன்று வகையில் வரையலாம், நான்குக்கு 15, ஐந்துக்கு 105, பத்துக்கு 3 கோடியே 44 லட்சத்துக்கும் மேல். அதனால் தேடுவது கணினி. குறைந்த மாற்றங்களில் அட்டவணையை விளக்கும் மரத்தைத் தேடுவது ஒரு வழி. பண்புகள் மாறும் வேகத்துக்கு ஒரு நிகழ்தகவு மாதிரியை வைத்துத் தேடுவது இன்னொரு வழி. உடலமைப்புப் பண்புகளுக்கு இதை 2001இல் பால் லூயிஸ் கொண்டுவந்தார். அட்டவணையில் நீங்கள் போட்ட 0, 1 தப்பாக இருந்தால் எந்தக் கணினியும் காப்பாற்றாது.

அரியலூர் கல்லுக்கு கார்பன் டேட்டிங் பண்ணலாமா?

முடியாது. கார்பன்-14இன் அரைவாழ்வு 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டு தாண்டினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. கோடி ஆண்டுக்கு எரிமலைச் சாம்பலில் உள்ள சிர்க்கான் படிகத்தின் யுரேனியம்-ஈயக் கணக்கும், எந்த அடுக்கில் எந்த அம்மோனைட் என்ற வரிசையும்தான்.

டைனோசர் முட்டை கிடைச்சதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்துக் கற்களைப் பற்றி வந்தது. முட்டை இல்லை, கடற்படிவில் உருண்டு கெட்டியான கற்கள் என்று வல்லுநர்கள் அப்போதே சொன்னார்கள். உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை இல்லை.

லேப்டாப் பழசு, கோடிங் தெரியாது. முடியுமா?

முடியும். பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில்கூட ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி ஓடும். ஆர் இலவசம். கோடிங் பயம் இருந்தால் பாஸ்ட் என்ற மென்பொருளில் தொடங்குங்கள். 2001இல் ஓய்விண்ட் ஹாமரும் கூட்டாளிகளும் தொல்லுயிரியல் மாணவர்களுக்காகவே எழுதியது, பொத்தானை அழுத்தினால் ரேரிஃபாக்ஷன் வரும். ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். பொத்தான் என்ன செய்தது என்று நாளைக்கு உங்களுக்கே நினைவிருக்காது. ஆர் மொழியில் எழுதிய வரிகள் அப்படியே இருக்கும், இன்னொருவர் ஓட்டிச் சரிபார்க்கலாம்.

ஆங்கிலம்? ஆய்வுக்கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான். அகராதி வைத்துக்கொண்டு வாரம் ஒன்று படித்தால், ஒரே நூறு சொல் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும்.

உலகத் தரவுத்தளத்துல இருக்கிறத எடுத்தே ஆராய்ச்சி பண்ணிடலாமா?

உலகெங்கும் கிடைத்த புதைபடிவங்களைப் பதிந்துவைக்கும் பேலியோபயாலஜி டேட்டாபேஸ் யாருக்கும் திறந்தது, பதிவிறக்கக் காசில்லை. பயிற்சிக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதற்கும் வலைக்கண் உண்டு. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, முந்தைய 30 ஆண்டுகளில் அதில் சேர்ந்த தரவில் 97 சதவீதம் வசதியான, மேல்நடுத்தர வருமான நாடுகளில் இருக்கும் ஆய்வாளர்கள் வழியாக வந்தது என்று காட்டியது. ஐரோப்பாவில் அதிக வகை இருப்பதுபோல் வரைபடம் வந்தால், அங்கே அதிகம் தேடினார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது.

என் பையன் பி.எஸ்சி. விலங்கியல். இதைப் படிச்சா வேலை கிடைக்குமாங்க?

மறைக்காமல் சொல்கிறேன்: தொல்லுயிரியலாளர் என்ற பலகையோடு வேலைகள் இந்தியாவில் குறைவு. புவியியல் படித்தவர்களுக்கு வழி கொஞ்சம் அகலம். யுபிஎஸ்சி நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு மையம், எண்ணெய் நிறுவனங்களில் நுண்புதைபடிவப் பிரிவு என்று உண்டு. ஆய்வுக்கு லக்னோவில் பீர்பால் சாஹ்னி நிறுவனம், கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் புவியியல் பிரிவு. நம் ஊரில் மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைகள். விலங்கியல், தாவரவியல் பிள்ளைகளுக்கு கேட் தேர்விலேயே சூழலியலும் பரிணாமமும் என்று தனித்தாள் இருக்கிறது. வெளிநாட்டில் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் இதே பகுப்பாய்வு முறைகளுக்கென்று தீவிரப் பயிற்சிப் பட்டறை நடத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. குறையுள்ள தரவை வைத்து எவ்வளவு நிச்சயம் என்று சொல்லப் பழகியவருக்கு, பொதுச் சுகாதாரம், மீன்வளம், வங்கி என்று வேறு கதவுகளும் திறக்கும். அதற்காகத்தான் பையனை அனுப்புகிறீர்கள் என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

பொறுக்கறது சட்டப்படி தப்பா?

திருவக்கரை, சாத்தனூர் கல்மரப் பூங்காக்கள் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்கள். ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. கரையில் பவளத் துண்டையும், 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிட்ட சங்கு வகைகளையும் தொட வேண்டாம், செத்ததாக இருந்தாலும். சந்தேகம் வந்தால் படம் எடுத்து, எண்ணிவிட்டு, அங்கேயே விட்டுவிடுங்கள்.

கரைக்குப் போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்?

சதுரச் சட்டம், ஜிப் பை, பென்சில், நோட்டு, அளவுகோல், குடிதண்ணீர், தொப்பி. பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஓடிவிடும். ஒவ்வொரு பைக்குள்ளும் இடம், தேதி, நேரம், பொறுக்கியவர் பெயர் எழுதிய காகிதம். பைமேல் மட்டும் எழுதினால் அழியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். கருங்கல் மேல் பாசி வழுக்கும், செருப்பு பிடிமானமாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் கடலில் அந்தக் கற்களுக்கு நடுவே இறங்குவது ஆபத்து, சிப்பித் திட்டும் கரைந்து போயிருக்கும். தை பிறந்ததும் மணல் திரும்ப வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.